மண்டபம் சிரித்த சொல்

திரையில் ஒரு காவலர் படிகளில் இறங்கி வருகிறார். கறுப்பு வெள்ளைப் படம். கையில் தடி. நீதிமன்ற வாசலில் வாக்காளராகப் பதிய வரிசையில் நிற்கும் ஒரு முதியவரின் முன்னால் வந்து நிற்கிறார். இன்னும் இரண்டு மூச்சில் அவர் வாயைத் திறப்பார்.

மைக் என் கையில். படத்தில் யார் வாயைத் திறந்தாலும் அது தமிழாக என் வாயால்தான் வெளியே வரவேண்டும்.

அந்தக் காவலருக்கு நான் எந்தச் சொல்லைக் கொடுக்கப்போகிறேன் என்று மண்டபத்தில் இரண்டு பேர் பயந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் மண்டபத் தலைவர் யோகன் அண்ணை. சுவிட்சுப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றார். மற்றவர் முன்வரிசையில் இருந்த என் அம்மா. அம்மாவுக்குப் பக்கத்துக் கதிரையில், அவரோடு வேலை செய்யும் மரியம்.

ஞாயிறு மத்தியானம்

பாரிசில், லா சப்பலில் சேலைக்கடைகளுக்குப் பின்னால் இருக்கிற மண்டபம் அது. முன்பு தையல் பட்டறையாக இருந்ததாம். மாதத்தில் ஒரு ஞாயிறு அங்கே படம் போடுவோம். விளக்கேற்றி, இறந்தவர்களுக்கு அகவணக்கம் செலுத்தி, தலைவர் இரண்டு வார்த்தை என்று தொடங்கி இருபது வார்த்தைக்கு மேல் பேசிய பிறகு படம் ஓடும். கற்பூரமும் ஈரக் குளிர்கோட்டுகளும் உளுந்து வடையும் கலந்த ஒரு வாசம். அந்த வாசம் வந்தால்தான் எனக்கு ஞாயிறு.

வருகிறவர்களில் பாதிப்பேருக்குப் பிரெஞ்சு எழுத்து ஓடும் வேகத்துக்கு வாசிக்க வராது. அதனால் படத்தின் ஒலியைக் குறைத்துவிட்டு, திரைக்குப் பக்கத்தில் நின்று நான் தமிழில் சொல்வேன். கிழவனுக்கும் நான்தான், குழந்தைக்கும் நான்தான். நடுவில் கேள்விகளும் வரும்.

"தங்கச்சி, இந்தாள் நல்லவனோ கெட்டவனோ?"

"பொறுங்கோ அண்ணை, இப்ப தெரியும்."

"முதலே சொன்னால் என்ன, நாங்கள் ஆருக்கும் சொல்லமாட்டம்."

மைக்கிலேயே பதில் சொல்வேன். இந்த வேலையை என்னைவிட நன்றாகச் செய்ய அந்தப் பகுதியில் ஆள் இல்லை என்று அப்போதும் நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன்.

அந்த மாதத்து ஆவணப்படத்தைத் தெரிவு செய்ததும் நான்தான். வேலையிடத்தில் அதற்குப் பிரெஞ்சுத் துணைத்தலைப்பு எழுதியவள் நான். அமெரிக்காவின் தென்பகுதியில் ஒரு சின்ன ஊர். கறுப்பின மக்கள் வாக்குரிமை கேட்டு வரிசையில் நின்ற காலம். நின்றதற்காக அடித்தார்கள், வீட்டுக்குத் தீ வைத்தார்கள், சிலரைக் கொன்றார்கள். அந்த வரிசையில் நின்ற ஒரு மனிதரின் மகள், இப்போது தலை நரைத்தவர், கமெராவைப் பார்த்துக் கதை சொல்கிறார். கண்ணீர் விடுவதில்லை. பெயர்களைச் சொல்கிறார். அடித்தவர்களின் பெயரையும் சொல்கிறார்.

இனிப்புத் தடவுகிற வேலை

மொழிபெயர்ப்பு எனக்குப் பல்கலைக்கழகத்தில் வந்ததல்ல. பத்து வயதில், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பாரிசில் இறங்கிய அடுத்த வருடமே அந்த வேலை தொடங்கிவிட்டது. வதிவிடப் பத்திரம் தருகிற பிரெஃபெக்சரில், வைத்தியரிடம், வீட்டுக்காரரிடம் எல்லாம் நான்தான் வாய். எங்கள் சனத்தில் என் வயதுப் பிள்ளைகள் எல்லோரும் இதைச் செய்தவர்கள்தான்.

அதில் ஒரு முறை இருக்கிறது. யாரும் சொல்லித் தருவதில்லை, எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். வருவதை வருகிறபடி சொல்லக்கூடாது.

பிரெஃபெக்சரில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் ஒருநாள், "பிடிக்காவிட்டால் திரும்பிப் போகச் சொல்" என்றாள். நான் அம்மாவிடம், "கொஞ்சம் இருக்கட்டாம்" என்றேன். அம்மா, "இவளுக்கு வயித்திலை என்ன நெருப்போ எண்டு கேள்" என்றார். நான் அந்தப் பெண்ணிடம், "அம்மா நன்றி சொல்கிறார்" என்றேன். அன்று அந்தப் பத்திரம், எங்கள் சனம் சொல்கிற பப்பியே, கிடைத்தது.

அப்படித்தான் நாங்கள் உயிர் பிழைத்தோம். அந்தத் திறமையில் எனக்கு வெட்கம் இல்லை. ஆனால் வளர்ந்த பிறகும் எல்லோரும் என்னிடம் அதையே எதிர்பார்த்தார்கள். கொஞ்சம் இனிப்புத் தடவிச் சொல்லு பிள்ளை என்று.

அம்மாவின் மூன்றாம் வகுப்பு

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் வரும். அம்மா மூன்றாம் வகுப்போடு நின்றவர். என் பட்டத்தைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் தொலைக்காட்சிக்கு மேலே மாட்டியிருக்கிறார். வருகிறவர்கள் எந்த நாடகம் பார்த்தாலும் அதையும் சேர்த்துத்தான் பார்க்கவேண்டும்.

அம்மா ஏன் நின்றார் என்று நெடுங்காலம் கேட்கவில்லை. சண்டையால் என்று நினைத்திருந்தேன். சண்டைக்கு முந்திய கதை அது.

அவர் படித்த பள்ளிக்கூடத்தில் கிணறு இல்லை. பிள்ளைகள் பக்கத்து வளவுக் கிணற்றில் தண்ணீர் குடிப்பார்கள். எங்கள் சாதிப் பிள்ளைகள் கயிற்றைத் தொடக்கூடாது. யாராவது அள்ளி வார்க்கும்வரை கையைக் குவித்துக்கொண்டு நிற்கவேண்டும். வார்க்க ஆள் வராத நாள்கள்தான் அதிகம். ஒரு நாள் அம்மா தானே அள்ளினார். மறுநாள் பள்ளிக்கூடம் போகவில்லை. அதற்கு மேல் அம்மா சொன்னதில்லை.

அந்த வளவு யோகன் அண்ணையின் பெரியப்பாவுடையது.

இதை எழுதும்போது யோகன் அண்ணையைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். நாங்கள் இங்கே வந்தபோது அப்பாவுக்கு உணவகக் குசினியில் வேலை பிடித்துக் கொடுத்தவர் அவர்தான். பலசரக்குக் கடையை வைத்துக்கொண்டு, தெரிந்தவர் தெரியாதவர் எல்லோருக்கும் ஓடித் திரிந்தவர். அம்மா அவரைக் கண்டால் குரலைத் தாழ்த்துவார். அது நன்றியா, பழைய பழக்கமா என்று பிரித்துப் பார்க்க எனக்கு வராது. அம்மாவுக்கும் வந்திருக்காது.

மரியம்

அம்மா ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் துப்புரவு வேலை செய்கிறார். கூட வேலை செய்பவர் மரியம். மாலியிலிருந்து வந்தவர், சென் தெனியில் வீடு. நாங்கள் அதற்கு அடுத்த நிறுத்தம், பியர்ஃபித். ஒரே ரயில்.

இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி இல்லை. அம்மாவின் பிரெஞ்சில் வினைச்சொல் கிடையாது. மரியத்தின் தமிழில் "ஓம்", சீக்கிரம் என்பதற்கு "கெதியா", "சாப்பிட்டியா" மட்டும். அதை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் கதைப்பார்கள். மேலாளரின் நடையை அம்மா நடந்து காட்ட மரியம் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்.

சண்டை வருவது ஏழாம் மாடிக்கு மட்டும். அங்கேதான் சாப்பாட்டுக் கூடமும், விருந்து வைக்கிற அறையும், கம்பளத்தில் கொட்டிய கோப்பியும். முறை வைத்துச் செய்யவேண்டும் என்பது ஒப்பந்தம். முறை யாருடையது என்பதில் இருவரும் கூசாமல் பொய் சொல்வார்கள். அம்மாவுக்குக் காய்ச்சல் வந்த வாரம் மட்டும் மரியம் சொல்லாமலே ஏழாம் மாடியையும், அம்மாவின் மாடிகளையும் சேர்த்துச் செய்தார்.

இவ்வளவும் இருக்க, வீட்டில் அம்மா அவரைக் குறிப்பிடும் சொல் வேறு.

"காப்பிலி போன் எடுத்தவளோ?"

தமிழகத்து வாசகர்களுக்கு இந்தச் சொல் தெரியாமல் இருக்கலாம். இலங்கையில் ஆபிரிக்கரைச் சொல்ல எங்கள் சனத்தின் வாயில் நெடுங்காலமாக இருப்பது. பாரிசுக்குப் பெட்டியோடு வந்துவிட்டது. கடையில், குசினியில், பஸ்ஸில், அவர்கள் பக்கத்தில் நிற்கும்போதே சொல்வார்கள். அவர்களுக்கு எங்கே விளங்கப்போகிறது என்ற தைரியம். சொல்கிறவர்களைக் கேட்டால் அது வசையில்லை, சும்மா ஒரு பேர் என்பார்கள்.

குசினியில் ஒத்திகை

படத்துக்கு முதல் வாரம் குசினியில் நின்று உரக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அந்தக் காவலரின் இடம் வந்தது. ஆங்கிலத்தில் அவர் சொல்வது மிக மோசமான சொல். தமிழில் கறுப்பினத்தவரே என்று சொல்லவா? தடியோடு வருகிறவன் வானொலிச் செய்தி வாசிப்பவரைப் போலக் கதைக்கமாட்டான். நான் எங்கள் சனத்தின் அந்தச் சொல்லைச் சொன்னேன்.

அம்மாவின் கத்தி நின்றது.

"அதைச் சொல்லப்போறியோ?"

"ஓம்."

"வேண்டாம் பிள்ளை. மரியத்தையும் வரச்சொன்னனான்."

"அதுக்கென்ன? அவவுக்கு விளங்காதுதானே?"

அம்மா வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "விளங்கும். எங்கடை ஆக்களோடை எத்தினை வருசமா நிக்கிறா. என்ரை வாயிலையிருந்து மட்டும் கேட்டதில்லை."

"அப்ப நீங்கள் வீட்டிலை..."

"வீட்டிலை சொல்லுறது வேறை!"

"அந்தக் காவல்காரனும் அப்பிடித்தான் நினைச்சிருப்பான்."

"நீ படிச்சிட்டாய் எண்டு விசர்க்கதை கதையாதை." வெங்காயத் தோலைக் கூட்டிக் குப்பையில் போட்டார். பிறகு மெல்லிய குரலில், "எனக்கு அங்கை வேறை ஆர் இருக்கினம், சொல்லு. அவளும் கதைக்காமல் விட்டால்?"

அதுதான் விஷயம். எனக்கு இது ஒரு சொல். அம்மாவுக்கு அந்தக் கட்டடத்தில் இருந்த ஒரே துணை.

யோகன் அண்ணைக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. கடையில் கறிவேப்பிலை எடுக்கப் போனபோது பிடித்துக்கொண்டார். "தங்கச்சி, அந்தச் சொல்லை மைக்கிலை சொன்னால் நான் மெயினை நிப்பாட்டுவன். பிறகு மண்டபம் பக்கம் வராதை. சனம் படம் பாக்க வருது, பேச்சு வாங்க இல்லை."

"சரி அண்ணை, நிப்பாட்டுங்கோ," என்றேன். கறிவேப்பிலைக்கும் நன்றி சொன்னேன்.

ஆனால் ஒருவரிடம் கேட்காமல் செய்யக்கூடாது என்று எனக்குத் தெரியும். அந்த ஞாயிறு, மண்டப வாசலில் மரியத்தைத் தனியாக மறித்தேன். பிரெஞ்சில் சொன்னேன். படத்தில் ஒரு கெட்ட சொல் வரும். எங்கள் மொழியில் உங்களைச் சொல்கிற சொல்லைத்தான் அதற்குப் போடப்போகிறேன். வேண்டாம் என்றால் போடமாட்டேன்.

மரியம் தலைத்துணியைச் சரிசெய்தபடி என்னை மேலும் கீழும் பார்த்தார். "லிஃப்டில் எல்லாம் அதை மெதுவாகத்தான் சொல்கிறார்கள். நீ மைக்கில் சொல். அவர்களுக்கும் ஒருதரம் கேட்கட்டும்" என்றார்.

படிகளில் விழுந்த தொப்பி

ஆக, காவலர் முதியவரின் முன்னால் நிற்கிறார். முதியவர் தலையில் தொப்பி. நல்ல தொப்பி, தேவாலயத்துக்குப் போடுகிற ஞாயிற்றுக்கிழமைத் தொப்பி.

நான் குரலைத் தடிப்பாக்கிச் சொன்னேன். "டேய் காப்பிலி. தொப்பியைக் கழட்டடா."

மண்டபம் சிரித்தது.

நான் எதிர்பார்த்தது முணுமுணுப்பு. கோபம். மெயின் அணைவது. சிரிப்பை எதிர்பார்க்கவில்லை. வெள்ளைக்காரக் காவலரின் வாயில் எங்கள் வீட்டுச் சொல் வந்ததும் அவர்களுக்குப் பகிடியாகப் போய்விட்டது. பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள். சுவிட்சுப் பெட்டிக்குப் பக்கத்தில் யோகன் அண்ணையும் சிரித்தார். அணைக்க மறந்துபோனார்.

அம்மாவும் சிரித்தார். வாயைக் கையால் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க.

மரியம் திரையைப் பார்க்கவில்லை. கதிரையில் திரும்பி, பின்னால் இருந்த வரிசைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். இரண்டு கதிரைகளுக்கும் நடுவில் இருந்த தன் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அப்போது திரையில் தடி விழுந்தது. முதல் அடி தொப்பியில். தொப்பி படிகளில் உருண்டது. முதியவர் குனிந்து எடுக்கப் போனார். இரண்டாவது அடி முதுகில். சிரிப்பு வாயில் இருந்தபடியே நின்றுபோனதை நான் கேட்டேன். ஒரு மண்டபம் மூச்சை உள்ளே இழுத்தால் என்ன சத்தம் வரும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

காவலர் மறுபடி சொன்னார். நானும் மறுபடி சொன்னேன், அதே குரலில், அதே சொல்லை. யாரும் சிரிக்கவில்லை. மூன்றாவது முறை நான் சொன்னபோது, முன்வரிசையில் ஒரு பெரியவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதியவர் அடியை வாங்கிக்கொண்டே தொப்பியை எடுத்தார். தலையில் வைக்கவில்லை. கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு வரிசையில் திரும்பவும் போய் நின்றார். நரைத்த தலையோடு அவருடைய மகள் சொன்னார்: "அப்பா அதன்பிறகு தொப்பி போட்டதில்லை. ஆனால் வரிசையைவிட்டுப் போகவும் இல்லை."

அதைத் தமிழில் சொல்லும்போது என் குரல் உடையவில்லை. உடையக்கூடாது என்று முடிவெடுத்திருந்தேன்.

கருத்துரை நேரம்

படம் முடிந்தால் தேத்தண்ணீர், பிறகு கருத்துரை. எப்போதும் ஆண்கள் பேசுவார்கள், பெண்கள் வடைத்தட்டைத் தூக்குவார்கள். அன்று யோகன் அண்ணை மைக்கைத் தானே எடுத்தார்.

"படம் நல்ல படம். எங்களைப்போல அடிபட்ட சனம். ஆனால் தங்கச்சி ஒரு சொல்லைப் பாவிச்சு எங்கடை சனத்தைக் கூண்டிலை ஏத்திப்போட்டா. எங்கடை வாயிலை அது வசையில்லை. சும்மா ஒரு பேர். சனம் சிரிச்சதும் பகிடிக்குத்தான்."

நான் பதில் சொல்ல எழுந்தேன். சொல்ல நிறைய இருந்தது. அதற்குள், "அண்ணை" என்று ஒரு குரல்.

அம்மா எழுந்து நின்றார். கையில் பேப்பர் கோப்பை. மைக் இல்லை. யோகன் அண்ணைக்கு முன்னால் அந்தக் குரல் தாழாமல் நான் கேட்டது அதுதான் முதல்தரம்.

"நானும் சிரிச்சனான் அண்ணை. இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனால் ஒண்டு கேக்கிறன். உங்கடை வாசலாலை போகேக்கை என்ரை அப்பா தோளிலை கிடந்த துவாயை எடுத்து, இந்தாள் தொப்பியை வைச்சமாதிரி, கக்கத்துக்குள்ளை வைச்சுக்கொண்டுதான் போறவர். உங்கடை பெரியப்பா அவரை ஒரு பேர் சொல்லிக் கூப்பிடுறவர். அதுவும் சும்மா ஒரு பேர்தானோ?"

யோகன் அண்ணை மைக்கை இடக்கையிலிருந்து வலக்கைக்கு மாற்றினார்.

"அது... அந்தக் காலம், பிள்ளை."

"படமும் அந்தக் காலத்துப் படம்தான்," என்றார் அம்மா. கதிரையில் இருந்துவிட்டார்.

யோகன் அண்ணை மைக்கை என்னிடம் தந்தார். தரும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. "வயரைச் சுத்தி வை" என்று மட்டும் சொன்னார். அடுத்த மாதமும் மண்டபம் எனக்குக் கிடைத்தது. கிடைக்காமல் போயிருந்தாலும் அன்று அந்தச் சொல்லைத்தான் சொல்லியிருப்பேன்.

ஒரே ரயில்

நான் வயரைச் சுற்றி முடிப்பதற்குள் மரியம் வெளியே போய்விட்டார். அம்மா பின்னால் ஓடினார். அம்மாவுக்குப் பின்னால் நான்.

கார் து நோர் நிலையத்தில், கீழே, ரயில் வருகிற மேடையில் பிடித்தோம். மரியம் ஒரு தூணுக்குப் பக்கத்தில் நின்றார். கைப்பை இன்னும் நெஞ்சோடு. அம்மா மூச்சு வாங்க அவருக்கு முன்னால் போய் நின்றார். என்னைத் திரும்பிப் பார்த்தார். மொழிபெயர்க்கச் சொல்லப்போகிறார் என்று நினைத்து நான் ஓரடி முன்னே வந்தேன்.

கையால் தடுத்துவிட்டார்.

"மரியம்," என்றார். நெஞ்சில் விரலை வைத்தார். "முவா ஓசி." அந்தச் சொல்லை நானும்தான். பிறகு, அது போதாது என்று நினைத்ததுபோல, தனக்குத் தெரிந்த இன்னொரு பிரெஞ்சுச் சொல்லையும் தேடி எடுத்தார். "துஜூர்." எப்பவும்.

வினைச்சொல் இல்லாத பிரெஞ்சு. அதில் இனிப்புத் தடவ இடமே இல்லை.

மரியம் அம்மாவை நெடுநேரம் பார்த்தார். ரயில் வருகிற காற்று தலைத்துணியை அசைத்தது.

"ஓம்," என்றார் தமிழில். "ஜெ சே." தெரியும் என்று.

அம்மாவின் முகம் வாடிப்போனது. ரயில் வந்து நின்றது, கதவு திறந்தது. மரியம் ஏறினார். நாங்கள் ஏறுவதா வேண்டாமா என்று நின்றோம். மரியம் உள்ளேயிருந்து திரும்பி, கதவு மூடாதபடி ஒரு காலைக் குறுக்கே வைத்தார்.

"கெதியா," என்றார்.

ஏறினோம். எதிரெதிரே இருந்தோம். சென் தெனி வரைக்கும் மரியம் கைப்பையை மடியில் பிடித்தபடியே இருந்தார். மரியம் இறங்க எழுந்தபோதுதான், அம்மாவின் தோளில் விரலால் ஒரு தட்டுத் தட்டினார்.

"தெமேன், லு செத்தியேம், செ துவா."

நாளைக்கு ஏழாம் மாடி உன்னுடையது. முறைப்படி அது மரியத்தின் நாள். அம்மாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"ஓம், ஓம்," என்றார் அம்மா அவசரமாக. கதவு மூடிய பிறகும் கண்ணாடிக்குள்ளால் தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

அந்த வாரம் முழுக்க ஏழாம் மாடியை அம்மாதான் துடைத்தார். அடுத்த வாரம் திங்கட்கிழமை, முறை யாருடையது என்று இருவரும் திரும்பவும் பொய் சொல்லத் தொடங்கினார்கள்.